சூப்பர் அலாய்க்கு எதற்கு மேற்பூச்சு?

"நிக்கல் சூப்பர் அலாயே வெப்பம் தாங்கும் உலோகம்தானே, ஜெட் இன்ஜின் டர்பைன் பிளேடுக்கு மேலே இன்னொரு பூச்சு ஏன்?" என்பது கேள்வி.

வெப்பத்தில் வலிமையாக இருப்பது வேறு, ஆக்ஸிஜனைத் தாங்குவது வேறு. ஆக்ஸிஜனைத் தாங்க உதவுவது குரோமியமும் அலுமினியமும். ஆனால் வலிமைக்காக அலாயின் கலவையை மாற்றும்போது குரோமியத்தைக் குறைக்க வேண்டி வருகிறது. அலுமினியத்தையும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் வலிமையை உள்ளே இருக்கும் உலோகத்திடமும், பாதுகாப்பை மேற்பரப்பிடமும் ஒப்படைத்துவிட்டார்கள்.

பூச்சு தானே கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அலுமினியச் சேமிப்புக் கிடங்கு. சூட்டில் அதன் மேல் மெல்லிய அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) படலம் உருவாகும். ஆக்ஸிஜன் அதைக் கடப்பது மிக மெதுவாகத்தான். குரோமியம் ஆக்ஸைடு சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆவியாகத் தொடங்கிவிடும், அலுமினாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்ஜின் சூடாகி ஆறும்போது படலம் உரிந்து விழும், மறுபடி வளரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அலுமினியம் செலவு. போதாததற்கு உள்ளே இருக்கும் அலாயும் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். கிடங்கு காலியானால் பூச்சின் ஆயுள் முடிந்தது.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் இட்ரியம் என்ற உலோகம். நிக்கல், கோபால்ட், குரோமியம், அலுமினியம் கலந்த பூச்சில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும். படலத்தின் பிடிப்பைக் கெடுக்கும் கந்தகத்தைக் கட்டிப்போட்டுவிடும். நிக்கல் அலுமினைடு (நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த சேர்மம்) பூச்சில் பிளாட்டினம் சேர்ப்பதும் பிடிப்புக்காகத்தான்.

அப்புறம், இந்தப் பூச்சுக்கும் மேலே வரும் வெள்ளைச் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்ஸைடு) பீங்கான் அடுக்கு வெப்பத்தை மட்டுமே தடுக்கும். ஆக்ஸிஜன் அதற்குள் சுலபமாகப் புகுந்துவிடும்.