கேள்வி – பதில்: பூல் மேசையும் பந்தயப் பணமும்

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள பூல் (குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்றப் பந்துகளை மேசைக் குழிகளில் வீழ்த்தும் ஆட்டம்) கூடத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார். நூறு ரூபாய் ஆட்டங்களில் என் நண்பனிடம் அடுத்தடுத்துத் தோற்றவர், இப்போது ஐயாயிரம் கட்டி ஆடலாமா என்று கேட்கிறார். நண்பனும் துடிக்கிறான். ஆடலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அவர் உண்மையிலேயே சுமாரான ஆட்டக்காரராக இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் தோற்ற விதத்தை உங்கள் நண்பர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஆடத் தெரியாதவர் தவறவிட்டால் பந்தும் குழியில் விழாது, வெள்ளைப் பந்தும் கட்டுப்பாடின்றி உருண்டு எங்கேயாவது போய் நிற்கும். தெரிந்தே தவறவிடுபவரின் பந்து குழியின் வாயில் மோதிக் கால் அங்குலம் தள்ளி நிற்கும். வெள்ளைப் பந்தோ எதிர் ஓரத்து ரப்பரை ஒட்டியோ இன்னொரு பந்துக்குப் பின்னால் மறைந்தோ நின்று, அடுத்து அடிக்க வருபவரைத் திணறடிக்கும். ‘மயிரிழையில் போயிற்றே’ என்று நீங்கள் அவருக்காக இரங்கிய ஆட்டங்களில் வெள்ளைப் பந்து பெரும்பாலும் இப்படியே நின்றிருந்தால், அவர் உங்கள் நண்பரின் கையை அளந்துகொண்டிருந்தார் என்று பொருள்.

அமெரிக்காவில் ‘ஹஸ்லர்’ என்று பெயர் பெற்றவர்கள் இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ஆனால் திறமையை மறைப்பது அவர்களுடைய தொழிலில் பாதிதான், மறுபாதி பேரம். நைன்–பால் என்ற பூல் வகையில் மேசையிலுள்ள மிகச் சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், ஒன்பதாம் பந்தை முறைப்படி வீழ்த்துபவர் வென்றவர் என்பது விதி. வலுக்குறைந்தவருக்கு எட்டாம் பந்தையும் வெற்றிப் பந்தாகக் கொடுப்பார்கள். அல்லது ஒன்பது ஆட்டப் போட்டியில் இரண்டு ஆட்டங்களை முன்கூட்டியே அவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். இந்தச் சலுகையை எவ்வளவு என்று முடிவு செய்வதற்குச் சில வேளைகளில் ஆட்டத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். தேர்ந்த ஹஸ்லர் அங்கேயே வென்றுவிடுகிறார். தோள் வலி, வயது, இரவல் குச்சி என்று அவர் அடுக்கும் குறைகள் எல்லாம் அந்தப் பேரத்துக்கான சரக்கு. நீங்கள் கேட்ட சலுகையை மறுபேச்சில்லாமல் தந்துவிடுகிறார் என்றால், அவர் அழுது பேரம் பேசுபவரைக் காட்டிலும் ஆபத்தானவர்.

கேள்வி: பூல் ஆட்டக்காரர் மினசோட்டா ஃபேட்ஸ் என்பவர் உண்மையில் வாழ்ந்தவரா, கதைப் பாத்திரமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுவயல்

பதில்: இரண்டும்தான். ‘தி ஹஸ்லர்’ திரைப்படம் 1961-இல் வெளிவந்தபோது, அதில் வரும் மினசோட்டா ஃபேட்ஸ் தாமே என்று ருடால்ஃப் வாண்டரோன் என்பவர் உரிமை கொண்டாடினார். அதுவரை ‘நியூயார்க் ஃபேட்ஸ்’ என்று அழைக்கப்பட்டவர், அன்றிலிருந்து ஊரை மாற்றிக்கொண்டார். மூலக்கதையை எழுதிய வால்டர் டெவிஸ் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் வாண்டரோனைத்தான் நம்பியது. பெரிய போட்டி எதிலும் பட்டம் வென்றவரல்லர், ஆனால் பணம் கட்டி ஆடிய ஆட்டத்தில் தோற்றதே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரைக் கண்டாலே பொறுக்காதவர் வில்லி மொஸ்கோனி. எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் வீழ்த்தலாம் என்ற ஸ்ட்ரெயிட் பூல் வகையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர்; 1954-இல் ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தவறும் இல்லாமல் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்தியவர். இருவரும் 1978-இல் தொலைக்காட்சியில் மோதியபோது மொஸ்கோனி வென்றார், வாண்டரோன் பேசிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் இன்றும் நினைவுகூர்வது பேச்சைத்தான். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான விளையாட்டு அந்தப் பேச்சுத்தான், அதில் அவர் உலக வீரர்.

கேள்வி: ஆயிரக்கணக்கான டாலர்களைப் பந்தயம் கட்ட இந்த ஹஸ்லர்களுக்குப் பணம் ஏது?
– வாசகி, கோட்டையூர்

பதில்: பெரும்பாலும் சொந்தப் பணம் அன்று. ஆட்டக்காரருக்குப் பின்னால் முதல் போடுபவர் ஒருவர் இருப்பார். தோற்றால் நட்டம் முழுதும் அவருடையது; வென்றால் இருவரும் பகிர்ந்துகொள்வார்கள், பாதிப் பாதி என்பது வழக்கமான ஏற்பாடு. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நம் ஊர் ஏஜெண்டுகளையும் இங்கிருந்த முதலாளிகளையும் நீங்கள் நினைத்தால் தவறில்லை. ஆனால் ஏஜெண்டுக்குச் சம்பளம் உண்டு, கணக்கு முடிக்கத் தவணை உண்டு, பேரேடு உண்டு. பூல் கூடத்தில் பேரேடு கிடையாது. அதனால்தான் ஆட்டக்காரர் எதிராளியோடு இரகசியமாகச் சேர்ந்து வேண்டுமென்றே தோற்று, தம் முதலாளியின் பணத்தையே பங்கு போட்டுக்கொள்ளும் மோசடியும் அந்த உலகில் இருக்கிறது.

கேள்வி: ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டமாமே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஆம், 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் உணவு விடுதியில். மழைக்காலப் பொழுதுபோக்காக அவர்கள் காசு வைத்து ஆடிய பூல் வகைகளிலிருந்தே அது கிளைத்தது. பின்னர் ஊட்டி கிளப்பில் அதற்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

கேள்வி: பூல் ஆட்டக்காரர்களில் உங்கள் மனம் கவர்ந்தவர் யார்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தயக்கமின்றி, பிலிப்பைன்ஸ் நாட்டின் எஃப்ரென் ரேயஸ். பம்பாங்கா மாகாணத்தில் 1954-இல் பிறந்து, மணிலாவில் உறவினரின் பூல் கூடத்தில் எடுபிடி வேலை செய்து, இரவில் மேசை மேலேயே படுத்து உறங்கி வளர்ந்தவர். 1985-இல் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே அவருடைய பெயர் ஏற்கெனவே எட்டியிருந்தது, முகம் எட்டவில்லை. ஆகவே சீசர் மொராலஸ் என்ற பெயரில் ஹூஸ்டன் நகரப் போட்டியில் கலந்துகொண்டு பட்டத்தை வென்றார். யாரோ ஒரு மொராலஸ் வந்து அமெரிக்கர்களைத் தோற்கடித்துவிட்டார் என்ற வியப்பு அடங்கிய பிறகே உண்மை வெளிவந்தது. 1996-இல் ஹாங்காங்கில் அமெரிக்க வீரர் ஏர்ல் ஸ்டிரிக்லேண்டோடு மூன்று நாள் ஆடினார். முதலில் 120 ஆட்டங்களை எட்டுபவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை என்பது ஏற்பாடு. இது பரிசுப் பணம்தான், பந்தயம் அன்று. என்றாலும் தோற்றவர் வெறுங்கையோடு திரும்பும் முறை பந்தய உலகிலிருந்து வந்ததே. பின்தங்கியிருந்த ரேயஸ் விரட்டிப் பிடித்து 120–117 என்று வென்றார். 1999-இல் கார்டிஃபில் உலக நைன்–பால் பட்டத்தையும் வென்ற பிறகு, மறைந்து ஆட அவருக்கு உலகில் ஊரே இல்லாமல் போயிற்று.

கேள்வி: பூல் பந்தயத்தில் தோற்ற என் மைத்துனர் கையில் பணம் இல்லாததால் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். வென்றவர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். செல்லுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்றும், பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் எதையும் மீட்க வழக்குத் தொடர முடியாது என்றும் கூறுகிறது. ஆட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டு மூன்றாம் நபரிடம் கொடுத்து வைத்த பணத்துக்கும் இதுவே விதி. ஆயினும் அந்தத் தாளில் ‘கைமாற்றாகப் பெற்றேன்’ என்று எழுதியிருந்தால், அது பந்தயக் கடன் என்பதை உங்கள் மைத்துனர்தான் சாட்சியோடு நிறுவ நேரிடும். அன்று மேசையைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று குறித்துக்கொண்டு, இந்த வாரமே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இடையில் வட்டி என்று சொல்லி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.