பைரனும் பேரனும்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் பைரனை எல்லாரும் ‘பைரன் பிரபு’ என்றுதான் எழுதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பிரபு ரத்தம்தான் அவருக்கு அந்த மிடுக்கையும் கவிதையையும் கொடுத்தது, புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்கிறேன் நான். என் நண்பர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அவர் வம்சம் இன்றும் இருக்கிறதா? போன மாதம் எனக்கு ஒரு பேரன் பிறந்திருக்கிறான், அவனுக்குப் பைரன் என்று பெயர் வைக்க ஆசை. வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு வரியில் முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிகிறது. அதனால் அந்தப் புலிகளை ஒவ்வொன்றாகக் கூண்டிலிருந்து இறக்கிக் காட்டுகிறேன்.

1086-இல் இங்கிலாந்து முழுக்க எடுத்த நிலக்கணக்கில் நாட்டிங்ஹாம்ஷயர், டார்பிஷயர் பக்கம் ரால்ஃப் டி புரூன் என்றொரு நிலக்காரர் பெயர் வருகிறது. அவர்தான் எங்கள் மூதாதை என்று பைரன் கடைசிவரை பெருமை பேசினார். பேசட்டும், நம்மூரில் சோழனுக்குப் பங்காளி என்று சொல்லிக்கொள்ளாத குடும்பம் எத்தனை? உருப்படியாகச் சொத்து என்று வந்தது 1540-இல். எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்களைக் கலைத்து நிலத்தையும் கட்டடத்தையும் விற்றுத்தள்ளியபோது, சர் ஜான் பைரன் என்பவர் நியூஸ்டெட் மடத்தை வாங்கிப் போட்டார். துறவிகளைத் துரத்திவிட்டுப் பிடித்த வீடுதான் பின்னாளில் ‘பைரன்களின் பூர்வீக மாளிகை’. இந்த சர் ஜானின் மகன், பெற்றோருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டவர். ஆங்கிலச் சட்டம் அப்படிப்பட்ட பிள்ளையை வாரிசாக ஏற்காது என்பதால் அப்பா தானப்பத்திரம் எழுதி சொத்தை மகனுக்குக் கொடுத்தார். ஆக, நீங்கள் சொல்லும் ரத்தம் அங்கேயே சட்டப்படி அறுந்துபோய், ஒரு பத்திரத்தால் ஒட்டவைக்கப்பட்டது.

‘பிரபு’ பட்டம் வந்தது 1643-இல், உள்நாட்டுப் போரின்போது. முதலாம் சார்லஸ் மன்னர் பக்கம் நின்று சண்டை போட்டதற்காக இன்னொரு சர் ஜான் பைரனுக்குக் கிடைத்தது. அவருக்குப் பிள்ளையே இல்லை, 1652-இல் பாரிஸில் செத்துப்போனார், பட்டம் தம்பிக்குப் போனது. முதல் தலைமுறையிலேயே நேர் வாரிசு கிடையாது, இதைக் கவனத்தில் வையுங்கள்.

இனி ஐந்தாம் பிரபு வில்லியம். நம் கவிஞருக்கு இவர் தாத்தாவின் அண்ணன். 1765 ஜனவரி 26, லண்டன் பால் மால் தெருவில் ஒரு விடுதி, நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்காரர்கள் கூடி விருந்து சாப்பிடுகிறார்கள். யார் நிலத்தில் வேட்டைக்கு அதிகப் பிராணிகள் இருக்கின்றன, அவற்றை எப்படிப் பாதுகாப்பது என்று பேச்சு வருகிறது. முயலும் கவுதாரியும்தான் விஷயம், வேறொன்றுமில்லை. எதிரே பேசியவர் பக்கத்து நிலக்காரரும் உறவினருமான வில்லியம் சாவொர்த். வாக்குவாதம் முற்றி, சாப்பாடு முடிந்து எழுந்த இரண்டு பேரும் விடுதிப் பணியாளரைக் கூப்பிட்டு ஒரு காலி அறையைத் திறக்கச் சொன்னார்கள். அவர் ஒற்றை மெழுகுவத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த அரைகுறை வெளிச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாளை உருவினார்கள். பிரபுவின் வாள் சாவொர்த்தின் வயிற்றில் இறங்கியது, மறுநாள் அவர் உயிர் போனது.

பிரபு என்பதால் அவரைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்க முடியாது, சக பிரபுக்கள்தான் விசாரித்தார்கள். ஏப்ரலில் நடந்த அந்த விசாரணையை நாடகம் பார்ப்பதுபோல் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. கொலை அல்ல, கைமோசக் கொலைதான் என்று தீர்ப்பு. அதற்கும் பிரபுக்களுக்கென்று ஒரு பழைய சலுகை இருந்தது, அதைக் காட்டிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போய்விட்டார். ரத்தத்தின் மகிமை என்கிறீர்களே, இதுதான் அது!

இவர் கதை இதோடு முடியவில்லை. மகன் ஒரு பணக்காரப் பெண்ணைக் கட்டுவான், கடன் அடையும் என்று கணக்குப் போட்டிருந்தார், அவன் சித்தப்பா மகளோடு ஓடிப்போய்விட்டான். (அங்கே அது செல்லும், நம்மூரில் நடந்திருந்தால் ஊரே கூடி அடித்திருக்கும்.) கிழவருக்கு வந்த கோபத்தில், இவனுக்கு ஒரு செங்கல்கூட உருப்படியாகக் கிடைக்கக் கூடாது என்று நியூஸ்டெட் காட்டு மரங்களை வெட்டி விற்றார், மான்களைத் தீர்த்தார், ராச்டேலில் இருந்த நிலக்கரி நிலத்தைச் சட்டத்தை மீறிக் குத்தகைக்கு விட்டுப் பல வருட வழக்கை விதைத்தார். ஆனால் மகன் 1776-இல் அப்பாவுக்கு முன்பே செத்தான், பேரன் 1794-இல் கார்சிகா தீவுச் சண்டையில் பீரங்கிக் குண்டுபட்டுச் செத்தான், மகனைப் பழிவாங்க மொட்டையடித்த சொத்து, 1798 மே மாதம் கிழவர் கண்ணை மூடியபோது, அவர் முகம்கூடப் பார்த்திராத பத்து வயதுப் பையன் தலையில் விழுந்தது. அந்தப் பையன்தான் ஜார்ஜ் கோர்டன் பைரன்.

ஆக, அவர் பிரபுவாகப் பிறக்கவில்லை. 1788 ஜனவரி 22 லண்டனில் பிறந்தபோது அப்பா கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்து திரிந்துகொண்டிருந்தார். அந்த அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் ‘கிறுக்கு ஜாக்’. இன்னொருவர் மனைவியான சீமாட்டியோடு ஓடி, விவாகரத்து ஆனதும் அவளையே கட்டிக்கொண்டு, அவள் இறந்ததும் பாத் நகரில் ஸ்காட்லாந்துப் பெண் கேத்தரின் கோர்டனை அவள் சொத்துக்காகவே கட்டினார். அவள் கைட் என்ற ஊரின் நிலக்காரி. இரண்டு வருஷத்துக்குள் கைட் கோட்டையும் நிலமும் கடனுக்கு விற்றுப்போயின. கிறுக்கு ஜாக் 1791-இல் பிரான்சில் அநாதையாகச் செத்தார். தாத்தா கொஞ்சம் தேவலை. கடற்படைத் தளபதி, உலகைச் சுற்றி வந்தவர், ஆனால் எந்தக் கடலுக்குப் போனாலும் புயல் கூடவே வரும் என்பதால் ‘புயல்மழை ஜாக்’ என்று மாலுமிகள் கேலி பேசுவார்கள், 1741-இல் சிலி நாட்டுக் கரையில் கப்பல் உடைந்து பட்டினி கிடந்து மீண்டவர்.

அம்மாவும் பிள்ளையும் அபர்தீனில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பையனுக்கு வலது பாதம் பிறவியிலேயே வளைந்திருந்தது. பட்டம் கிடைத்த சேதி வந்த மறுநாள் பள்ளியில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு முன்னால் ‘தோமினுஸ்’ என்ற லத்தீன் மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டார்களாம். எழுந்து பதில் சொல்ல வாய் வராமல், மற்றப் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் அழுதுவிட்டான் என்று சொல்வார்கள். நீங்கள் பிறவி மிடுக்கு என்றீர்களே!

மிடுக்கு அப்புறம் வந்தது, அதை அவரே உழைத்துச் சம்பாதித்தார். கால் ஊனத்தோடு குத்துச்சண்டை பழகினார், 1810 மே 3 அன்று ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் தார்தனெல்ஸ் நீரிணையை நீந்திக் கடந்தார், கேம்பிரிட்ஜில் நாய் வளர்க்கத் தடை என்றதும் கரடி வளர்த்தார். 1812 மார்ச்சில் வந்த பயணக் கவிதைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது, முதல் பதிப்பின் 500 பிரதிகள் மூன்றே நாளில் தீர்ந்தன. வாங்கியவர்கள் அவர் தாத்தாவின் ஜாதகத்தைப் பார்த்து வாங்கியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் என்னிடம் மருந்தில்லை. பிரபு பட்டத்தால் உருப்படியாக நடந்த காரியம் என்று என்னால் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதே வருஷம் பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் அவருடைய முதல் பேச்சு. தறிகளை உடைத்த நெசவுத் தொழிலாளிகளுக்குத் தூக்கு என்று சட்டம் கொண்டுவந்தார்கள், பசியில் இருப்பவனைத் தூக்கில் போடுகிறீர்களே என்று எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது, அது வேறு விஷயம்.

கல்யாணம் 1815 ஜனவரி, மகள் ஏடா பிறந்தது டிசம்பர், மனைவி குழந்தையோடு வெளியேறியது அடுத்த மாதம். அக்காவோடு தகாத உறவு என்று ஊரெல்லாம் பேச்சு, 1816 ஏப்ரலில் நாட்டைவிட்டுப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. நியூஸ்டெட்டைப் பள்ளித் தோழர் ஒருவருக்கு 94,500 பவுனுக்கு விற்றார். கிரேக்க விடுதலைப் போருக்குப் போய் 1824 ஏப்ரல் 19 அன்று மிசொலோங்கியில் காய்ச்சலில் இறந்தார். வயது 36. காய்ச்சலுக்கு மருத்துவம் என்று வைத்தியர்கள் அட்டை விட்டு ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அந்தப் பிரபு ரத்தத்தில் பாதி அங்கேயே போயிருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் இடம் தர மறுத்தது, நியூஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஹக்நால் ஊர்க் கோயிலில் புதைத்தார்கள். ஆலயம் மனம் மாறிக் கல்வெட்டு வைக்க 1969 ஆகிவிட்டது.

சரி, வம்சம். இங்கேதான் உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. பட்டம் ஒரு வழியில் போனது, ரத்தம் இன்னொரு வழியில் போனது. பைரன் பட்டம் ஆண்வழிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டது, மகளுக்குக் கிடையாது. அதனால் பங்காளி ஜார்ஜ் ஆன்சன் பைரன் ஏழாம் பிரபு ஆனார், அவர் கடற்படைக் கேப்டன். லண்டனுக்கு வந்த இடத்தில் தட்டம்மையில் இறந்துபோன ஹவாய் ராஜா, ராணி உடல்களைக் கப்பலில் ஏற்றி ஊர் சேர்த்தவர். அப்படியே பங்காளி வழியாக நகர்ந்து நகர்ந்து, பதினோராம் பிரபு ஆஸ்திரேலியாவில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். பட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதை வைத்திருப்பவர் உடம்பில் கவிஞரின் ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

ரத்தம் ஏடா வழியில். அப்பாவின் கவிதைக் கிறுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று பயந்த அம்மா, பெண்ணுக்குக் கணக்கைக் கணக்காகவே ஊட்டி வளர்த்தார். 1843-இல் பாபேஜ் என்ற கணித அறிஞர் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு ஏடா எழுதிய குறிப்புகளைத்தான் முதல் கணினி நிரல் என்று பலர் கொண்டாடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான நிரல் மொழிக்கு ஏடா என்றே பெயர், அதன் தர எண்ணில் 1815 என்று அவர் பிறந்த வருஷத்தையும் வைத்தார்கள். ஏடாவும் அப்பாவைப் போலவே 36 வயதில் இறந்தார், விரும்பியபடி ஹக்நாலில் அப்பா பக்கத்தில் படுத்திருக்கிறார். மகள் ஆன் பிளன்ட் அரேபியக் குதிரைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பண்ணை வைத்தார், அவர் வைத்திருந்த ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் 2011-இல் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆனின் மகள் ஜூடித் கட்டிக்கொண்டது யாரை என்கிறீர்கள்? வைஸ்ராய் லிட்டனின் மகனை. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது டெல்லியில் தர்பார் நடத்தினாரே, நிவாரண வேலைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்த ஆட்சியின் தலைவர், அதே லிட்டன். தூக்குச் சட்டத்தை எதிர்த்த பைரனின் ரத்தமும் அந்த லிட்டனின் ரத்தமும் இன்றைய லிட்டன் குடும்பத்தில் ஒன்றாக ஓடுகின்றன. குணம் எது பக்கம் போகும் என்று உங்கள் பழமொழியை வைத்து நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

பெயர் விஷயம். தாராளமாக வையுங்கள், ‘பேரன் பைரன்’ என்று கூப்பிட நன்றாகவே இருக்கும். ஏடாவும் தன் மூத்த மகனுக்குப் பைரன் என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பேரன் கடற்படையை விட்டு ஓடி, பட்டத்தையும் மாளிகையையும் உதறி, வேறு பெயர் சொல்லித் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் பட்டறை ஒன்றில் கூலிக்கு வேலை செய்தான். 1862-இல் இறந்தபோது அவனுக்கு வயது 26.