ஃபிளாரன்ஸ் பார்த்துவிட்டு கியாந்தி கல்யாணத்துக்கு: கேள்வி பதில்

ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே கியாந்தி மலைச்சரிவுகளில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பழைய பண்ணை வீடுகளில் வெளிநாட்டார் கல்யாணங்கள் நிறைய நடக்கின்றன. அழைப்பு வந்தவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: ஞாயிறு இரவு இறங்குகிறோம், வியாழன் காலை கிராமத்துக்குக் கிளம்ப வேண்டும். திங்களன்றே உஃபிசி ஓவியக் கூடத்தை முடித்துவிடலாமா சார்?

முடியாது. உஃபிசி, தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா, பித்தி அரண்மனை மூன்றுக்குமே திங்கள் விடுமுறை. அன்று கதீட்ரலையும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஓல்த்ரார்னோ தெருக்களையும் பாருங்கள். செவ்வாய்க்கு உஃபிசியில் காலை 8.15 நுழைவை முன்பதிவு செய்யுங்கள். நேரம் ஏற ஏற ஓவியர் பொத்திச்செல்லியின் அறையில் ஓவியத்துக்குப் பதில் முதுகுகள்தான் தெரியும். புதன் அக்காதெமியா, ஒன்றரை மணி நேரம் தாராளம். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் தாவீது, 1910-ல் வைத்த நகல். அதைப் பார்த்துவிட்டு அசலைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. கதீட்ரல் குவிமாடத்தில் மெதுவாக ஏறிவிடலாமா?

வேண்டாம்மா. 463 படி, லிஃப்ட் கிடையாது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி இரண்டு ஓடுகளாகக் கட்டிய குவிமாடம் அது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில்தான் படிகள் போகின்றன. பாதியில் முடியாவிட்டால் கூட்டத்தை எதிர்த்துத் திரும்புவதும் கஷ்டம். பக்கத்து மணிக்கூண்டு 414 படி, அதுவும் இதே கதைதான். அவரை 12 அல்லது 13-ஆம் எண் பஸ்ஸில் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு அழைத்துப் போங்கள். ஊர் முழுவதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். நீங்கள் மட்டும் ஏறுவதானால் நேரம் குறித்த டிக்கெட் தேவை. தாமதமானால் அந்த நேரம் போனதுதான்.

கேள்வி: விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, ஃபிளாரன்ஸிலும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. சரிதானே அண்ணே?

இந்தப் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய நகரம் முழுக்க போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி, சுருக்கமாக இசட்டிஎல். வாசலில் போலீஸ் இருக்காது, கேமராதான். அது நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் 'வழி திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே விடுகிறார்கள். அர்த்தம் நேர் எதிர்: கேமரா வேலை செய்கிறது, நுழையாதே. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். போலீஸுக்கு உங்கள் முகவரியைக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனம் தனியாக ஒரு தொகை பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதல் மூன்று நாள் நடை, டிராம். வியாழன் காலை டி2 டிராமில் விமான நிலையத்துக்குப் போய், காரை அங்கே எடுத்து, நகருக்குள் வராமலே தெற்கே இறங்குங்கள். ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்டிஓவில் 4ஏ படிவம், ஒரு வருடம் செல்லும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், ரவுண்டானாவில் இடப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும்.

கியாந்தியிலுள்ள கிரேவே ஊர் ஃபிளாரன்ஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுப் பாதை. ஒரு மணி நேரம் வையுங்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் சரளைக்கல் பாதை, மேப் அங்கேதான் காலைவாரும். கல்யாண வீட்டாரிடம் முகவரி கேட்காதீர்கள், லொகேஷன் பின் கேளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் போடுவதில் ஏதாவது சிக்கல் உண்டா?

'கசோலியோ' என்றால் டீசல். பெட்ரோலுக்கான ஆங்கிலச் சொல் 'கேசோலின்' போல ஒலிப்பதால் பெட்ரோல் காரில் ஊற்றிவிடுகிறார்கள். பெட்ரோலுக்கு 'பென்சீனா'. ஞாயிறன்று கிராமத்து பங்க்குகளில் ஆள் இருக்க மாட்டார், இயந்திரம்தான். வெளிநாட்டு கார்டை அது சில நேரம் ஏற்காது. 20 யூரோ நோட்டு ஒன்றைக் காரிலேயே வையுங்கள்.

கேள்வி: பட்டுப்புடவை கட்டலாமா? என்ன செருப்பு?

தாராளமாக. வெள்ளை, தந்த நிறம் மட்டும் வேண்டாம், அது மணப்பெண்ணுக்கு. ஊசிக்குதிகால் புல்லில் இறங்கிவிடும், அகலக் குதிகால் போடுங்கள். தேவாலயத்தில் தோள் மூட வேண்டும். கையில்லாத ரவிக்கை என்றால் முந்தானையைச் சுற்றிக்கொண்டால் போதும். மலைமேல் இரவில் குளிரும், சால்வை எடுத்துப் போங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த சாறு மூன்றும் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்: 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே'. ரொட்டியும் காய்கறியும் போட்ட ரிபொல்லீத்தா என்ற கஞ்சி சைவம்போல் தெரியும், ஆனால் சில சமையலறைகளில் இறைச்சிச் சாறு சேரும். தக்காளியில் ரொட்டியை வேகவைக்கும் பப்பா அல் பொமொதோரோவிலும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் திரட்டிய பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. பார்மிஜானோ சீஸ், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளில் உறைவது. அதுவும் ஆகாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மொய் உண்டா? எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

இத்தாலியக் குடும்பமாக இருந்தால் உறையில் பணம் வைப்பது வழக்கம்தான், சங்கடம் வேண்டாம். திரும்பும்போது சர்க்கரை பூசிய ஐந்து பாதாம் கொண்ட சிறு பொட்டலம் தருவார்கள், நம் தாம்பூலப் பை மாதிரி. சடங்கு மாலை நான்கு, ஐந்து மணிக்கென்றால் நின்றபடி கொறிப்பது ஒன்றரை மணி நேரம், பிறகுதான் பந்தி. கேக் வெட்டப் பதினொன்றாகும், அதற்கு முன் எழுந்து போவது நன்றாக இருக்காது. ஒயின் குடிப்பவர் ஓட்டக்கூடாது. அந்த நேரத்தில் கிராமத்தில் பஸ்ஸும் இல்லை, கூப்பிட்டவுடன் வரும் டாக்ஸியும் இல்லை. திரும்பும் வண்டியை வியாழனன்றே, தங்கும் விடுதிக்காரரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள்.