பிரவுனி ரேடியோ: முத்திரையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 'பிரவுனி நம்பர் 2' என்ற, பேட்டரி இல்லாமல் இயங்கும் கறுப்பு நிற கிரிஸ்டல் ரேடியோவைப் பார்த்தேன். அதில் 'டாவென்ட்ரி' என்று எழுதிய சிறிய காயில் (கம்பிச்சுருள்) ஒன்று செருகியிருக்கிறது. பக்கவாட்டில் வட்டமான பி.பி.சி. முத்திரை. 1922ஆம் ஆண்டுப் பொருள், கம்பெனி கொஞ்ச நாளிலேயே மறைந்துவிட்டதால் அபூர்வம் என்கிறார் கடைக்காரர். 180 பவுண்ட் கேட்கிறார். ஹெட்போனில் பேச்சும் தெளிவாகக் கேட்டது. நம்பி வாங்கலாமா?"

அந்த விலைக்கு வேண்டாம். அவர் சொன்ன ஆண்டு தவறு, 'அபூர்வம்' என்பதும் தவறு. ரேடியோ உண்மையானதாகவே இருக்கலாம், அது வேறு விஷயம்.

முதலில் முத்திரை. 1922 நவம்பர் 14ஆம் தேதி பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கியபோது வானொலி கேட்க தபால் துறையில் 10 ஷில்லிங் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். கடையில் வாங்கும் செட்டில் தபால் துறைத் தலைவரின் அனுமதியைக் காட்டும் பி.பி.சி. முத்திரையும் இருக்க வேண்டும். வெளிநாட்டு செட்டுகளைத் தடுத்து உள்ளூர்க் கம்பெனிகளைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. மக்கள் அதை மதிக்கவில்லை, வீட்டிலேயே செட் கட்டிக்கொண்டார்கள். 1924ஆம் ஆண்டோடு அந்தக் கட்டாயம் முடிந்தது. அதனால் முத்திரை இல்லாத செட் போலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்திரை இருக்கும் செட் நிஜம் என்றும் நம்பாதீர்கள். அந்த முத்திரையை ஒட்டுப்படமாக இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். பழுதுபார்ப்பவர்களுக்காக வந்த சரக்குதான், ஆனால் ஒட்டிய மறுநாளே விலையை ஏற்றிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். நூறு வருடத் தூசு ஏறிய பெட்டியில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது காயில். டாவென்ட்ரி என்ற பி.பி.சி. ஒலிபரப்பு நிலையம் 1925 ஜூலை 27 அன்றுதான் திறந்தது. 1600 மீட்டர் நீள அலைவரிசையில் பேசிய அந்த நிலையத்தைப் பிடிக்க, செட்டில் கூடுதலாக ஒரு காயில் செருக வேண்டும். இல்லாத நிலையத்தின் பெயரை 1922இல் யார் எழுதியிருப்பார்கள்?

இங்கே ஒரு விலக்கு உண்டு, அவசரப்பட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். செருகுகிற காயிலைப் பின்னாளில் தனியாகவும் வாங்கலாம். 1923இல் செட் வாங்கிய ஒருவர் 1925இல் டாவென்ட்ரிக்காகக் காயில் மட்டும் வாங்கிச் செருகியிருக்கலாம். அப்படியானால் காயிலுக்குத்தான் 1925, பெட்டிக்கு அல்ல. ஆகவே காயிலைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் மேல் வார்த்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பெட்டியிலேயே 'டாவென்ட்ரி' என்று வார்த்திருந்தால் சந்தேகமே இல்லை. காயிலில் மட்டும் இருந்தால், காயிலை வைத்துப் பெட்டியின் வயதைச் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் பெயரே போதும்: பிரவுனி நம்பர் 2, 1920களின் நடுவில் வந்த மாடல்.

கம்பெனி கொஞ்ச காலமே இருந்தது என்பது உண்மை. லண்டன் மார்னிங்டன் கிரசன்ட் பக்கம் இருந்த பிரவுனி வயர்லெஸ், ஏழைபாழைகளும் வாங்கும்படி மலிவாகச் செய்து விற்றது. மலிவாக இருந்ததால் நிறைய விற்றது, அதனால் இன்றும் சேகரிப்பாளர்கள் கையில் அடிக்கடி தென்படுகிறது. ஆயுசு குறைவு என்றால் பொருளும் குறைவு என்று கணக்குப் போடுவது வியாபாரிகளுக்கு வசதி, அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனி வால்வு செட் பக்கம், அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள் வைத்த ரேடியோ பக்கம், போனபோதுதான் சிக்கல். மார்க்கோனி கம்பெனியின் காப்புரிமைக்காக ஒவ்வொரு வால்வு சாக்கெட்டுக்கும் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்ட வேண்டும். பணக்காரர் வாங்கும் மர அலமாரி செட்டானாலும் சரி, ஏழை வாங்கும் இரண்டு வால்வு செட்டானாலும் சரி, சாக்கெட்டுக்கு ஒரே தொகை. இரண்டு வால்வுக்கு 25 ஷில்லிங், அதாவது ஒன்றேகால் பவுண்ட். விலையைக் குறைத்து விற்பவனின் கழுத்தில் கத்தி. பிரவுனி காப்புரிமை அலுவலகத்தில் முறையிட்டது, 1928இல் அங்கே ஜெயித்தது. மார்க்கோனி நீதிமன்றம் போனது, 1929இல் நீதிபதி லக்ஸ்மோர் அதை மாற்றிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் மார்க்கோனி தானாகவே தொகையை 5 ஷில்லிங்காக இறக்கியது. கேட்டவன் தோற்றான், கேட்டது கிடைத்தது. அந்தச் சின்னக் கம்பெனிக்கு வழக்குச் செலவை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 1930களில் பிரவுனி சந்தையிலிருந்தே மறைந்தது.

சரி, பேச்சு தெளிவாகக் கேட்டது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கிரிஸ்டல் செட்டுக்கு பேட்டரி கிடையாது, ஏரியலில் வரும் அலையின் சக்தியில்தான் ஒலிக்கும். அந்தக் காலத்து லைசென்ஸ் 100 அடி ஏரியல் வரை அனுமதித்தது, மக்கள் தோட்டத்தில் அவ்வளவு நீளம் கம்பி கட்டினார்கள். சந்தை மேசையில் அவர் எத்தனை அடி கட்டியிருந்தார்? போதாக்குறைக்கு இந்த மாதிரி செட்டுகள் பிடிக்கும் மீடியம் வேவ் (நடுத்தர அலை) நிலையங்களையும் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். பி.பி.சி.யின் ரேடியோ 4கூட 2024 ஏப்ரலில் அதிலிருந்து விலகிவிட்டது. பழைய செட்டுக்குக் கேட்க எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று முடிவு கட்டியவர்கள் போலிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒருவரிடம் நானும் ஏமாந்தேன். வீட்டில் அடிப்பலகையைத் திறந்தால் கிரிஸ்டலின் வேலையைத் தானே செய்துவிடும் ஒரு ஜெர்மானியம் டயோடு ஒளிந்திருந்தது. அது போருக்குப் பிந்தைய பொருள். அதனால் மறுபடி போகும்போது பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிரிஸ்டலைத் தொடும் மெல்லிய கம்பியை, பூனைமீசை என்பார்களே அதை, மெதுவாகத் தூக்கிவிடுங்கள். ஒலி அப்படியே நின்றால் கிரிஸ்டல்தான் வேலை செய்கிறது, பேரம் பேசலாம். நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.