கேள்வி-பதில்: கூண்டு மீனைப் பார்க்கப் போன இடத்தில்

கே: காரங்காடு படகு சவாரி, மண்டபம் பக்கம் கடலில் மீன் வளர்க்கும் கூண்டு, மதியம் மீன் சாப்பாடு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,800 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஜிபே-யில் கட்டினோம். படகில் ஏற்றவே இல்லை. கூண்டையும் கரையில் நின்றபடி கைகாட்டினார்கள். பணம் திரும்புமா? – வாசகி, மதுரை

ப: விடாதீர்கள் அம்மா. அந்தச் செய்தியும் பணம் கட்டிய பதிவும் நல்ல ஆதாரம், அழித்துவிட வேண்டாம். கிடைக்காதவற்றுக்கான பணத்தைக் கேட்டு முதலில் அவர்களுக்கே எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரையிலேயே புகார் கொடுக்கலாம், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகை வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். அடுத்த முறை நேரே அவர்களிடமே போங்கள்.

கே: மே மாதம் "நேற்று விசைப்படகில் வந்த வஞ்சிரம்" என்று விற்றார்கள். நம்பலாமா?

ப: பொய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை.

கே: பண்ணை வாசலில் 2 கிலோ இறால் வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் ஒன்றரைதான். – பரமக்குடி

ப: இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை. தொண்டி பக்கம் நானும் ஒரு தெர்மாக்கோல் பெட்டி வாங்கினேன். வடிதட்டில் கொட்டினால் கீழே பாத்திரம் நிறைய ஐஸ் தண்ணீர். தண்ணீருக்கு இறால் விலை கொடுத்திருக்கிறேன்! வெளியூரிலிருந்து வருகிறவன் திரும்பி வரமாட்டான் என்ற தைரியம்தான் இவர்களுக்கு. ஐஸை ஒதுக்கி, தண்ணீரை வடித்த பிறகே தராசில் வைக்கச் சொல்லுங்கள். காலித் தட்டை வைத்து எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும்; இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். கவுண்டையும் சரிபாருங்கள். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். எண்ணிக்கை கூடக்கூட இறால் சின்னது, விலையும் குறைய வேண்டும். 50 கவுண்டை 30 கவுண்ட் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கேயே ஒரு கிலோவை எண்ணிப் பாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கே: தனுஷ்கோடி போக வேன்காரரிடம் முழுப் பணத்தையும் கையில் கொடுத்தேன். பெயர் தெரியாது, ரசீது கேட்கக் கூச்சம். இப்போது போன் அணைந்திருக்கிறது.

ப: யாரென்றே தெரியாதவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படிப் போவீர்கள்? வண்டி எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் முழுத் தொகையையும் நீட்டுவதா? அந்தப் போன் எண்ணோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கே: கடற்கரையில் ஒருவர் பவளப்பாறைத் துண்டை 200 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். வாங்கலாமா?

ப: கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம்.