ஒரே விமானத்தை முழுசாகக் கற்பதா, புதுசு புதுசாக வாங்குவதா? சிமுலேட்டர் கேள்வி பதில்

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் கையில் இருக்கும் ஒரு பயணிகள் விமானத்திலேயே ஊறிப்போவதா, வெளிவரும் ஆட்-ஆன்களை (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமானங்களை) ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போவதா என்பது பற்றித்தான் இந்த முறை நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. நான் பல வருடங்களாகப் பெரும்பாலும் போயிங் 737-800 மட்டுமே ஓட்டுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

சென்னையிலிருந்து: அண்ணா, ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320, பிஎம்டிஜி நிறுவனத்தின் போயிங் 737, 777 மூன்றையும் வாங்கிவிட்டேன். யூடியூப் பார்த்து ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் பண்ணிப் பறந்து இறக்கியும் இருக்கிறேன். இரண்டு வாரம் விட்டால் எல்லாம் மறந்துபோகிறது. எதை வைத்துக்கொள்வது?

மூன்றும் அருமையான விமானங்கள். மறந்துபோவதற்கு உங்கள் ஞாபகசக்தி காரணம் இல்லை தம்பி, ஒரே வேலையை மூன்றிலும் வேறு வேறு விதமாகச் செய்ய வேண்டியிருப்பதுதான் காரணம். இன்ஜின் ஸ்டார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 737ல் பேக் (ஏசி காற்று தரும் அமைப்பு) இரண்டையும் நீங்கள்தான் ஆஃப் பண்ண வேண்டும். ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பி, என்2 (இன்ஜினின் உள்சுழற்சி வேகம்) 25 சதவீதத்துக்கு வந்ததும் எரிபொருள் லீவரை நீங்களே தூக்கிவிட வேண்டும். 56 சதவீதம் வாக்கில் ஸ்டார்ட்டர் விலகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏ320ல் செலக்டரைத் திருப்பி மாஸ்டர் சுவிட்சைப் போட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே மாதத்தில் படித்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

777ஐ இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது நீண்ட தூர விமானம். பத்து மணி நேரம் பறந்தாலும் கிடைப்பது ஒரு டேக்-ஆஃப், ஒரு லேண்டிங்தான், நடுவில் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். சென்னை-கொழும்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரே மாலையில் போய்த் திரும்பலாம். கற்றுக்கொள்வதற்கு இறங்குவதும் ஏறுவதும் அடிக்கடி நடக்க வேண்டும். 737, ஏ320 இரண்டில் எதன் காக்பிட் உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை எடுங்கள். ஆறு மாதத்துக்கு மற்ற இரண்டையும் திறக்காதீர்கள்.

திருச்சி, கல்லூரி மாணவர்: சார், காசு கொடுத்து வாங்க வசதி இல்லை. இலவசமாகக் கிடைப்பதை வைத்து உண்மையிலேயே கற்க முடியுமா?

தாராளமாக. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் வைத்திருந்தால் அதோடு வரும் 737-800க்கு ஸீபோ என்ற இலவச மாற்றம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற இலவச ஏ320. இரண்டும் ஆர்வலர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து செதுக்கியவை. அவற்றுக்கும் காசு கொடுத்து வாங்கும் விமானங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஆழமான சிஸ்டம் கோளாறுகளிலும் ஒலியிலும் தெரியும். அந்த வித்தியாசம் உங்களுக்கு உறைப்பதற்கே நிறைய நாள் ஆகும், கவலையே வேண்டாம்.

திருச்சியிலேயே இருக்கிறீர்கள். அங்கிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737-800 வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறந்திருக்கிறது. அதே வழித்தடத்தை எடுத்துப் பழகுங்கள். பறப்புத் திட்டம் போட சிம்ப்ரீஃப் என்ற இணையதளம் இலவசம்.

கோவையிலிருந்து: விளக்கு எதுவும் எரியாத நிலையிலிருந்து பத்தே நிமிடத்தில் என்னால் 737ஐப் புறப்படத் தயார் பண்ண முடிகிறது. அப்படியென்றால் விமானம் எனக்குக் கைவந்துவிட்டது என்று சொல்லலாமா?

பாராட்டுகள், ஆனால் இன்னும் இல்லை. சுவிட்ச் வரிசை மனப்பாடத்தில் வந்துவிடும், அது இதில் சுலபமான பகுதி. நான் வைக்கும் பரீட்சை வேறு. ஆட்டோபைலட்டில் ஒரு பட்டனை அழுத்தும் *முன்பே* எஃப்எம்ஏவில் (தானியங்கி இப்போது என்ன செய்கிறது என்று எழுத்தில் காட்டும் திரைப்பகுதியில்) என்ன எழுத்து வரப்போகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். இறங்கும்போது லெவல் சேஞ்ச் (உயரம் மாற்றும் பட்டன்) அழுத்தினால் இடது கட்டத்தில் முதலில் ரிடார்ட் (த்ராட்டிலைப் பின்னுக்கு இழுப்பது), பிறகு ஆர்ம் (தயார் நிலை). வலது கட்டத்தில் எம்சிபி ஸ்பீட் (நீங்கள் வைத்த வேகத்தை மூக்கின் கோணத்தால் காப்பது). டேக்-ஆஃபில் 84 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் வந்ததும் என்1 என்ற எழுத்து போய் த்ராட்டில் ஹோல்ட் வரும். இதையெல்லாம் பார்த்துச் சொல்வது பெரிசில்லை, எதிர்பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951, இதே 737-800 ரகம். தரையிலிருந்து உயரம் அளக்கும் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் பழுதாகி, விமானம் உயரத்தில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, இன்ஜின் சக்தியைத் தானே கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டில் இன்ஜினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த சக்திக்கு) இழுத்துவிட்டது. எஃப்எம்ஏவில் ரிடார்ட் என்று எழுத்து வந்தது. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. 9 பேர் இறந்தார்கள். அனுபவமுள்ள விமானிகளுக்கே ஒரு சின்னப் பச்சை எழுத்து தப்பிப்போயிற்று. ஆகவே வீட்டில் ஓட்டினாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்து, தலைக்கு மேலே உள்ள பேனல். 737ல் கேபின் அழுத்தத்துக்கான பறக்கும் உயரம், இறங்கும் உயரம் இரண்டையும் நீங்கள்தான் குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஆட்டோ, மேனுவல் தேர்வு இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹெலியோஸ் 522, ஒரு 737-300, அந்தச் செலக்டர் மேனுவலில் இருந்தபடியே புறப்பட்டது, கேபினில் அழுத்தம் ஏறவில்லை. கேபின் உயர எச்சரிக்கையும் டேக்-ஆஃப் அமைப்பு எச்சரிக்கையும் ஒரே ஒலி என்பதால் விமானிகள் குழம்பினார்கள். 121 பேரும் போய்விட்டார்கள். பத்து நிமிட வேகத்தில் அந்தப் பேனலை நீங்கள் உண்மையில் பார்க்கிறீர்களா, கை மட்டும் போகிறதா? அடுத்த தடவை கவனியுங்கள்.

இவை இரண்டும் பழகிய பிறகு வி1 (இனி நிறுத்தாமல் பறந்தே ஆக வேண்டிய டேக்-ஆஃப் வேகம்) தாண்டியதும் ஒரு இன்ஜினை அணைத்துப் பாருங்கள். ரடரை (வால் சுக்கானை) மிதித்து நேராக வையுங்கள், 400 அடி வரை வேறு எதையும் தொடாதீர்கள், பிறகு க்யூஆர்ஹெச் (அவசரகாலக் கையேடு) எடுங்கள். ஒற்றை இன்ஜினில் ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்னால் நீளும் மடிப்புகள்) 15 வைத்து இறக்குங்கள். அதைப் பதறாமல் செய்து முடிக்கும் நாளில் எனக்கு எழுதுங்கள்.

டொரான்டோவிலிருந்து: நான் எப்போதும் உயரமாகவே வந்து சேர்கிறேன். விஎன்ஏவி (இறங்கும் பாதையைக் கணக்கிட்டு ஓட்டும் வசதி) வரைந்த பாதையில் போனாலும் கடைசியில் வேகம் குறைவதில்லை. இதே பிரச்சினை புது விமானத்தில் இருக்காது என்கிறார்களே?

எந்த விமானம் வாங்கினாலும் இந்தப் பிரச்சினை கூடவே வரும். கணக்கை நீங்கள் கையில் எடுத்தால்தான் போகும். ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல். 35,000 அடியிலிருந்து கடல் மட்டத்துக்கு 105 மைல், வேகம் குறைக்க இன்னும் ஒரு 10 மைல். பின்காற்று பலமாக இருந்தால் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். 3 டிகிரி சரிவுக்கு இறங்கும் வேகம் வேண்டுமா, தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. பத்தாயிரம் அடிக்கு ஒரு தடவை இந்தக் கணக்கை மனதில் போட்டு, விஎன்ஏவி சொல்வதோடு ஒப்பிடுங்கள்.

737 வழுக்கிக்கொண்டே போகும் விமானம். இறங்கவும் வேகம் குறையவும் ஒரே நேரத்தில் அது சம்மதிக்காது. எது முதலில் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல் எழும் வேகத்தடைப் பலகைகள்) இழுக்க வெட்கப்படாதீர்கள். அதுவும் போதவில்லை என்றால் சக்கரத்தைச் சீக்கிரமே இறக்குங்கள், அதைவிடப் பெரிய பிரேக் உங்களிடம் இல்லை. ஃப்ளாப்ஸ் 30க்கு 175 நாட், 40க்கு 162 நாட் என்ற உச்ச வேகங்களும் நினைவில் இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து: எல்லாம் சரி, ஒரே விமானம் சலிக்காதா? எனக்கு மூன்றே மாதத்தில் சலித்துவிட்டது.

சலித்தது விமானமா, நீங்கள் ஓட்டும் விதமா என்று கொஞ்சம் யோசியுங்கள். நல்ல வானிலை, நீளமான ரன்வே, ரேடியோ வழிகாட்டும் ஐஎல்எஸ், ஆட்டோபைலட் என்று தினமும் போனால் எதுவும் சலிக்கும். காத்மாண்டுவுக்குப் போங்கள். 4,300 அடிக்கு மேல் உள்ள விமான நிலையம், சுற்றிலும் மலை, வழக்கமான 3 டிகிரியைவிடச் செங்குத்தான அணுகுமுறை. ஃப்ளைதுபாய் 737ஐ அங்கே நிஜமாகவே ஓட்டுகிறது. மேசை போன்ற குன்றின் மேல் இருக்கும் கோழிக்கோட்டில் மழைக்கால இரவில் இறக்கிப் பாருங்கள். ஃப்ளைட் டைரக்டர் (திரையில் வழிகாட்டும் கோடுகள்), ஆட்டோத்ராட்டில் இரண்டையும் அணைத்துவிட்டுக் கையால் ஒரு முழு அணுகுமுறையை ஓட்டுங்கள். அப்புறமும் சலித்தால் என்னிடம் வாருங்கள், வேறு விமானம் நானே சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அப்படியானால் புது ஆட்-ஆன் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. இருக்கும் விமானம் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி உங்களுக்குள் வந்தால் வாங்குங்கள். 737ல் தேறிய ஒருவர் ஏ320க்குப் போனால் நிறைய கிடைக்கும். அங்கே ட்ரிம் (மூக்கின் சமநிலையைச் சரிசெய்வது) தானாக நடக்கும், த்ரஸ்ட் லீவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்க உள்ளே இன்ஜின் சக்தி மாறிக்கொண்டிருக்கும், குமிழை அழுத்தினால் ஒன்று இழுத்தால் இன்னொன்று. இவற்றை ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று 737 தெரிந்தவருக்குத்தான் ருசிக்கும். எதிர்த்திசையில் போக ஆசையா? லியனார்டோ நிறுவனத்தின் எம்டி-82 வாங்குங்கள், அங்கே கைவேலை அதிகம்.

புது வெளியீடு என்பதற்காகவோ, வெளிப்பூச்சும் ஜன்னல் பிரதிபலிப்பும் அழகாக இருக்கின்றன என்பதற்காகவோ வாங்கினால் ஒரு வாரம் மகிழ்ச்சி, அவ்வளவுதான். செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: அதே 737 குடும்பத்தின் வேறு நீளத்தை வாங்குவது. காக்பிட் அதேதான், கற்றது எதுவும் வீணாகாது. ஆனால் 737-900ல் உடல் நீளம் என்பதால் மூக்கை அவசரமாகத் தூக்கினால் வால் தரையில் இடிக்கும். மெதுவாகத் தூக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

மலேசியாவிலிருந்து: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை 2024 பதிப்புக்கு மாற்ற வேண்டுமா?

உங்கள் விமானத்தைச் செய்தவர்கள் அதில் முழுமையாக வேலை செய்கிறது என்று சொன்ன பிறகு மாறுங்கள். 2020 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அவசரமே இல்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு தகப்பனார்: பையன் பத்தாவது படிக்கிறான். விமானி ஆக ஆசை. மாதம் ஒரு விமானம் வாங்கித் தரச் சொல்கிறான். அது படிப்புக்கு உதவுமா?

மாதம் ஒன்று உதவாது ஐயா. ஒன்றே போதும், அதோடு வரும் கையேடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். நிஜ விமானிகள்கூட ஒரு ரகத்துக்குத் தகுதி பெற்று வருடக்கணக்காக அதையே ஓட்டுகிறார்கள். வேறு ரகத்துக்கு மாற வேண்டுமானால் அதற்கென்று தனிப் பயிற்சி முடிக்க வேண்டும். செக்லிஸ்ட் ஒழுங்கு, கருவிகளைப் படிப்பது, ரேடியோ பேச்சு, இவை சிமுலேட்டரிலிருந்து அப்படியே கூட வரும். கையில் விமானத்தை உணர்வது வராது. பறக்கும் பள்ளியில் அவன் ஏறப்போவதும் ஒற்றை இன்ஜின் விமானத்தில்தான். அதனால் சிமுலேட்டரோடு இலவசமாக வரும் செஸ்னா 172ஐயும் அவன் கற்கட்டும். இயற்பியலும் கணக்கும் அதற்கு முன்னால் வரும், அதையும் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: 737 எனக்கு நன்றாகப் பழகிவிட்டது அண்ணை. வாட்சிமில் (சிமுலேட்டர்காரர்கள் இணையத்தில் சேர்ந்து பறக்கும் இடம்) பறக்க ஆசை, ஆனால் கட்டுப்பாட்டாளரோடு பேசப் பயமாக இருக்கிறது.

இவ்வளவு நாள் ஒரே விமானத்தோடு இருந்ததன் முழுப் பலன் உங்களுக்கு அங்கேதான் கிடைக்கும். ஓடுபாதை மாற்றிச் சொன்னால் எஃப்எம்சியில் (பாதையைப் பதிக்கும் விமானக் கணினியில்) எந்தப் பக்கம் என்று தேடாமல் மாற்றுவீர்கள், காது ரேடியோவில் இருக்கும். முதலில் பார்வையாளராக இணைந்து ஒரு மாலை முழுவதும் மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அப்புறம் கூட்டமில்லாத நேரத்தில், கட்டுப்பாட்டாளர் ஒருவர் மட்டும் இருக்கும் சின்ன விமான நிலையத்திலிருந்து புறப்படுங்கள். புதியவர் என்று பறப்புத் திட்டத்தின் குறிப்பில் எழுதிவிடுங்கள், மெதுவாகப் பேசுவார்கள். புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேளுங்கள், கை நிறைய வேலை இருந்தால் ஸ்டாண்ட்பை (சற்றுப் பொறுங்கள்) என்று சொல்லுங்கள். இரண்டையும் நிஜ விமானிகள் தினமும் செய்கிறார்கள்.