பழைய பைனாகுலர்: பெயரைப் படிக்கும் முன் கண்ணாடியைப் படியுங்கள்

கேள்வி: பறவை நோக்குவதில் ஈடுபாடு கொண்டிருந்த என் பெரியப்பாவின் இரண்டு பைனாகுலர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றில் ‘கார்ல் சைஸ் யேனா, டி.டி.ஆர்., யெனாப்டெம் 8×30’ என்று பொறித்திருக்கிறது. மற்றது 7×35. அதில் நான் கேள்விப்படாத ஒரு பெயரும், 1,000 கெஜத்தில் 525 அடி என்ற குறிப்பும், கீலின் அருகே ‘ஜே.பி.’ என்று தொடங்கும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. இவை எந்தக் காலத்தவை? பறவை பார்க்க உதவுமா, அலமாரிக்குத்தானா? உள்ளே லேசாக மங்கியிருப்பதை நானே துடைக்கலாமா? இன்னும் சில வாங்கிச் சேர்க்க ஆசை, எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: துடைப்பதற்காக எதையும் இன்னும் கழற்றவில்லை என்றால் நல்லது, கழற்றவே வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத 7×35 பைனாகுலரை ஒதுக்கிவிட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவை பார்ப்பவருக்கு அதுவே அதிகம் பயன்படும் கருவியாக இருக்கக்கூடும்.

யெனாப்டெமின் காலத்தை அந்த மூன்று எழுத்துகளே குறுக்கித் தருகின்றன. டி.டி.ஆர். என்பது கிழக்கு ஜெர்மனி. அந்த நாடு 1949 அக்டோபரில் தோன்றி 1990 அக்டோபரில் மறைந்தது. ஆகவே உங்கள் பைனாகுலர் இந்த 41 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது. சைஸ் நிறுவனம் யேனா நகரில் பிறந்தது. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற பிரிசம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டு) அமைப்பை சைஸின் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே செம்மைப்படுத்த, 1894இல் சைஸ் தன் பிரிசம் பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிறுவனம் இரண்டானது. யேனாவில் ஒன்று, மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோகெனில் மற்றொன்று. பெயர் யாருக்கு உரியது என்று இரண்டும் நெடுங்காலம் வழக்காடின. அதனால் மேற்கு நாடுகள் சிலவற்றுக்குச் சென்ற யேனா பைனாகுலர்களில் சைஸ் என்ற சொல்லே இராது, ‘யேனாவிலிருந்து’ என்ற பொருள்படும் ஜெர்மன் தொடர் மட்டும் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

யெனாப்டெமுக்கு டெல்ட்ரின்டெம் என்று ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. அதுவும் 8×30தான், 1920 முதல் விற்பனையில் இருந்தது. இரண்டின் ஒளியியலும் ஏறக்குறைய ஒன்றே. 1,000 மீட்டர் தொலைவில் 150 மீட்டர் அகலம் தெரியும். சேகரிப்போர் டெல்ட்ரின்டெமைத் தேடுவார்கள், ஆனால் களத்தில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. ஆண்டை இன்னும் நெருங்க வரிசை எண் உதவும். சைஸ் எண்களுக்குச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்கள் இருக்கின்றன.

இனி அந்த 7×35. போருக்குப் பிந்தைய ஜப்பானில் பல சிறு பட்டறைகள் பைனாகுலர் செய்து உலகெங்கும் அனுப்பின. வாங்கிய வணிகர்கள் தத்தம் பெயரை மேலே பொறித்துக்கொண்டார்கள். எனவே மேலட்டையில் உள்ள பெயர் விற்றவரைச் சொல்லுமே தவிர, செய்தவரைச் சொல்லாது. செய்தவரைச் சொல்வது ‘ஜே.பி.’ எண். அது தொழிற்சாலையின் குறியீடு. ஒரே தொழிற்சாலையின் ஒரே வார்ப்பு வெவ்வேறு பெயர்களில் வந்திருப்பதை இந்த எண்ணை வைத்தே கண்டுபிடிக்கிறோம். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் பொறித்திருந்தால், அது 1952இல் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிவதற்கு முந்தைய பொருள்.

525 அடி என்ற எண்ணுக்கு வருகிறேன். 1,000 கெஜத்தில் ஒரு பாகை என்பது சுமார் 52.5 அடி. ஆக, உங்களுடையது பத்துப் பாகைப் பார்வைப் பரப்பு. இன்று விற்கும் நல்ல பைனாகுலர்களில் பெரும்பாலானவை ஏழிலிருந்து எட்டரைப் பாகைக்குள் நின்றுவிடுகின்றன. இலைக்கூட்டத்துக்குள் தாவும் சிறு பறவையையோ, தாழப் பறக்கும் தகைவிலானையோ தொடரும்போது இந்தக் கூடுதல் பரப்பின் அருமை தெரியும். பறவை சட்டத்தை விட்டு வெளியேறும் முன் கை பின்தொடர்ந்துவிடும். ஓரங்களில் உருவம் மங்கும், அது இந்த வகையின் இயல்பு. மூக்குக் கண்ணாடி அணிந்தபடி பார்த்தால் அந்தப் பரப்பில் பாதி போய்விடும், ஏனெனில் பழைய கண்ணருகு லென்ஸ்களில் கண்ணை மிக நெருக்கமாக வைக்க வேண்டும். கண்ணாடி அணிவோருக்கென்றே மேற்கு ஜெர்மனியின் சைஸ் 1950களின் பிற்பகுதியில் தனி வகையை வெளியிட்டது. உங்களுக்கு அந்தத் தேவை இருந்தால் அப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

8×30 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்னே இருக்கும் பெரிய லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். யெனாப்டெமுக்கு 3.75 மில்லிமீட்டர், மற்றதற்கு 5. விடியலிலும் அடர்காட்டிலும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு உண்மையிலேயே பெரியது.

ஆனால் அது லென்ஸ் பூச்சைப் பொறுத்தது, பழைய பைனாகுலரில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எளிய பிரிசம் பைனாகுலரில் ஒரு குழலுக்குப் பத்துப் பரப்புகள் இருக்கின்றன. கணக்குப் போட்டால், நுழையும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்ணை அடையும். மீதியில் ஒரு பகுதி உள்ளேயே சிதறி உருவத்தை வெளிறச் செய்யும். சைஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் மெல்லிய பூச்சுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த நிலை மாறியது. ஒற்றைப் பூச்சு இழப்பைச் சுமார் ஒன்றரை விழுக்காடாகக் குறைக்க, மொத்த ஒளி 85 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. பல அடுக்குப் பூச்சு பைனாகுலர்களில் பரவியது 1970களுக்குப் பிறகு.

இதை வீட்டிலேயே படிக்கலாம். ஒரு விளக்கின் கீழ் நின்று முன் லென்ஸில் தெரியும் பிரதிபலிப்புகளைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பூச்சில்லை. நீலமோ ஊதாவோ வெளிர்பழுப்போ என்றால் ஒற்றைப் பூச்சு. பச்சையும் ஆழ்ந்த ஊதாவும் கலந்து மிக மங்கலாக இருந்தால் பல அடுக்கு. பைனாகுலரை மெல்லச் சாய்த்தால் உள்ளே வரிசையாகப் பல பிரதிபலிப்புகள் தெரியும். நீலங்களுக்கு நடுவே ஒன்று பளிச்சென்று வெண்மையாக இருந்தால், உள்ளே ஏதோ ஒரு பரப்புக்குப் பூச்சிடாமல் விட்டிருக்கிறார்கள். மலிவான பல பைனாகுலர்களில் வெளிப்பரப்புக்கு மட்டுமே பூச்சு உண்டு. செக்கச்செவேல் என்று கண்ணாடிபோல் மின்னும் லென்ஸ் என்றால் தொடவே வேண்டாம். பறவைக்குரிய சிவப்பையெல்லாம் அது வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அடுத்து, பைனாகுலரை ஒரு கை தொலைவில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி, கண்ணருகு லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் பிரிசம் நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறமாய் வெட்டுண்டு சதுரம்போல் தெரிந்தால் பிரிசத்தின் கண்ணாடி ஒரு படி குறைவு. அதற்காக விலக்க வேண்டியதில்லை, பகலில் நன்றாகவே வேலை செய்யும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது இரண்டு குழல்களும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா என்பது. தொலைவில் உள்ள ஒரு கிடைக்கோட்டை, ஒரு கூரை விளிம்பை, பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னே எடுங்கள். இரு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது விலகினால் கண் சமாளித்துக்கொள்ளும். மேலும் கீழுமாக விலகினால் சமாளிக்காது, சிறிது நேரத்தில் தலைவலி வரும். ஒரு முறை கீழே விழுந்தாலே பிரிசம் நகர்ந்துவிடும். அத்தகையதை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்பாட்டுக்கென்று வாங்காதீர்கள்.

உங்கள் மங்கலுக்கு வருவோம். முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சீரான மெல்லிய படலம் என்றால், பழைய கிரீஸிலிருந்து ஆவியான எண்ணெய் படிந்திருக்கிறது, தேர்ந்தவர் கையில் போய்விடும். சிலந்தி நூல்போல் கிளைத்துப் பரவியிருந்தால் பூஞ்சை. தொடக்க நிலையில் நீக்கலாம், நாள்பட்டால் பூச்சையே அரித்துவிடும். பின்பு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. லென்ஸின் விளிம்பிலிருந்து வானவில் வளையங்களோ பனிப்பூப் போன்ற வடிவமோ தெரிந்தால், ஒட்டிய இரு கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். அதைச் சரிசெய்வது பெரும்பாலும் கட்டுபடியாகாது.

நீங்களே துடைக்கலாம், வெளிப்பரப்பை மட்டும். முதலில் காற்றூதியால் தூசியை ஊதி, மென்தூரிகையால் தட்டி, பிறகே லென்ஸ் திரவத்தில் தொட்ட தாளால் வருட வேண்டும். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். உள்ளே திறக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன் லென்ஸ்களைச் சுற்றியுள்ள வளையங்கள் மையம் விலகியவை. அவற்றைத் திருப்பித்தான் தொழிற்சாலையில் இரு குழல்களையும் ஒருமுகப்படுத்தினார்கள். தெரியாமல் ஒன்றைக் கால் சுற்று திருப்பினாலும் அந்த ஒருமை போய்விடும். மீட்டெடுக்கத் தனிக் கருவி வேண்டும்.

புதிதாகச் சேர்க்க விரும்புவதாகச் சொன்னீர்கள். சந்தையில் முதலில் கண்ணில் படுபவை ராணுவ பைனாகுலர்களாகவே இருக்கும். ஜெர்மன் போர்க்காலப் பொருட்களில் தொழிற்சாலையின் பெயருக்குப் பதில் மூன்று சிற்றெழுத்துகள்: பி.எல்.சி. என்றால் யேனாவின் சைஸ், பி.இ.எச். என்றால் வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ் நிறுவனம். பிரிட்டிஷ் அரசுப் பொருளில் அகன்ற அம்புக்குறி. சோவியத் பைனாகுலர்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே பெரும்பாலும் ஆண்டு. வரலாறு என்ற வகையில் இவை மதிப்புள்ளவை. ஆனால் ராணுவ, கடற்படைப் பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றில் நடுவில் குவியச் சக்கரம் கிடையாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே திருக வேண்டும். பத்து மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்குத் தாவிய பறவைக்காக இரண்டையும் திருகி முடிப்பதற்குள் அது போய்விடும். கழுகு, பருந்து முத்திரைகள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. விலையேற்றுவதற்காகப் பின்னாளில் பொறிக்கப்படுபவை அவையே. தேய்ந்த உடலில் முத்திரையின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.

நேர்க்குழல் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதன் உள்ளே போரோ அமைப்புக்குப் பதில் கூரை வடிவப் பிரிசம் இருக்கும். 1960களின் லைட்ஸ் டிரினோவிட் மெலிந்த, கச்சிதமான வடிவம், கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆயினும் அந்தக் காலத்துக் கூரைப் பிரிசங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறை உண்டு. கூரையின் இரு பக்கங்களில் பட்டு வரும் ஒளி மீண்டும் சேரும்போது கட்டம் பிசகி நிற்கும், அதாவது ஒளியலைகளின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, நுண்விவரங்கள் மழுங்கும். இதைச் சீராக்கும் பூச்சை சைஸ் 1988இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய நேர்க்குழலையும் நல்ல நிலையில் உள்ள போரோ பிரிசத்தையும் அருகருகே வைத்து இறகின் வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் போரோ வெல்லும். ஆகவே பயன்பாட்டுக்குச் சேர்ப்பதாக இருந்தால் 1950களுக்குப் பிந்தைய, எல்லாப் பரப்புகளுக்கும் பூச்சிட்ட, நடுச் சக்கரமுள்ள போரோ வகையைத் தேடுங்கள். பறவை நோக்கர்களை மனத்தில் வைத்தே உருவான ஸ்விஃப்ட் ஆடுபான் 8.5×44 போன்றவை இந்த இனம்.

வைக்கும் முறை: தோல் உறை ஈரத்தை இழுக்கும், பூஞ்சைக்கு அதுவே ஊட்டம். உறையையும் பைனாகுலரையும் தனித்தனியே வையுங்கள். பைனாகுலரைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி மீண்டும் போடுங்கள். மங்கல் பூஞ்சைதான் என்று தெரிந்தால், அந்த ஒன்றை மற்றவற்றுடன் ஒரே பெட்டியில் வைக்காமல் முதலில் பழுதுபார்க்க அனுப்பிவிடுங்கள்.